ஊத்தை கேட்டு வந்த மாப்பிள்ளை

தலையில் பாலும் அறுகம்புல்லுமாக மணைப்பலகையில் உட்கார்ந்திருந்த சிவதர்ஷனின் மடியில் கைத்தொலைபேசி துள்ளியது. கலியாண நாள் காலை. உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து பாலில் தோய்த்த அறுகைத் தலையில் வைத்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு குளித்து, உடுத்து, ஊர்வலமாகப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தச் சடங்குக்கு நடுவில் தொலைபேசி எடுத்த மாப்பிள்ளையை திராய்மடுவில் யாரும் கண்டதில்லை. அவன் எடுத்தான்.

“உங்கட டிரெக்டருக்கு என்னமோ ஆகிட்டு,” என்றாள் கஜானி. அன்றைக்கு அவன் தாலி கட்டப் போகிற பெண். “மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுறார். நிறம் எல்லாம் மங்கிப் போய்க் கிடக்கிறார். நான் என்ன செய்யிற?”

சிவதர்ஷன் எழும்பிவிட்டான். பால் நெற்றியால் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

“இரி தம்பி, சித்தப்பா இன்னும் வெக்கல்ல,” என்று அக்கா பிரஷாந்தி தோளைப் பிடித்து அமுக்கினாள். இருந்தான். உடனே திரும்பவும் எழும்பினான்.

டிரெக்டர் என்பது ஒரு மீன். ஒஸ்கார் என்கிற இனம். ஒரு அடிக்குக் கூடின நீளம், கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் தீற்றல்கள், தடித்த உதடு, எந்நேரமும் கோபித்துக்கொண்டிருக்கிற முகம். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் வந்து இறங்கிய என்ஜீஓக்களில் ஒன்று, தன் வரவேற்பறையில் தொட்டி கட்டி அதை விட்டிருந்தது. அந்த அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், போகிற வருகிற எல்லோரையும் முறைத்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சம்பளம் எடுத்த டிரெக்டர், மற்றது மீன். பெயர் இரண்டுக்கும் ஒன்றாகிவிட்டது.

சிவதர்ஷன் அங்கே வாகனச் சாரதியாக இருந்தான். மீன் பெருவிரல் அளவில் வந்த நாளிலிருந்து அதற்குத் தண்ணீர் மாற்றியதும் தீனி போட்டதும் அவன்தான். யுத்தம் முடிந்த மறுவருடம் அந்த நிறுவனம் பெட்டி கட்டியது. மேசைகளுக்கு ஆள் வந்தது, மின்விசிறிகளுக்கு அடிபிடி நடந்தது, ஜெனரேட்டரை யார் கொண்டுபோனார் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய கூட்டாளி ஜெராட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தது. மீனுக்கு மட்டும் ஆள் இல்லை. ‘எனக்குத் தாங்க’ என்று சிவதர்ஷன் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். வேலையும் போய், வாகனமும் போய், மீன்தொட்டியோடு நின்றவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு, வளவு, கிணறு, படுக்கிற கட்டில் எல்லாம் பெண்ணுக்கு. போகிறவன் தன் பங்குக்கு ஒரு அலுமாரியாவது, ஒரு மாடாவது கொண்டு போவான். சிவதர்ஷனின் நாவலடி வீட்டைக் கடல் கொண்டு போயிற்று. அம்மாவையும் கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு திராய்மடுவில் குடியேறியவன் படுத்த பாய், குடித்த கோப்பை, உடுத்த சாரம் எல்லாவற்றிலும் யாரோ ஒரு நிறுவனத்தின் முத்திரை இருந்தது. ‘இது என்ட’ என்று வாய் நிறையச் சொல்ல அவனுக்கு வாய்த்தது இந்த ஒரு மீன்தான். கலியாணத்துக்கு முதலே அது செத்துப்போய், வெறுங்கையோடு போய் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டுமென்றால்?

ஊர்வலத்தில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், அந்த வாரத் தொடக்கத்திலேயே அவனும் ஜெராட்டுமாகக் கொண்டுபோய் நாவற்குடாவில் கஜானியின் வீட்டு நடு மண்டபத்தில் வைத்து, தண்ணீரைச் சுத்தமாக்குகிற பில்டர் பெட்டியையும் பொருத்தி ஓடவிட்டு வந்திருந்தார்கள். இனிக் கலியாணத்தன்றுதான் மாப்பிள்ளை படி மிதிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மீன் நல்ல சுகமாக, ஜெராட்டின் விரலைக் கவ்வுகிற அளவுக்குத் திமிராக இருந்தது.

“பில்டர் ஓடுதா?” என்று சிவதர்ஷன் கேட்டான்.

“ஓம், ஓடுது. அம்மா கழுவின பிறகு இன்னும் நல்லா ஓடுது.”

“என்ன கழுவின பிறகு?”

பதிலுக்கு மாமி கண்ணகையே தொலைபேசியை வாங்கிக்கொண்டார். குரலில் பெருமை தாங்கவில்லை.

“மருமகன், நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க, தண்ணி சுத்தமா இரிக்கணும், அதுதான் முக்கியம் எண்டு. அந்தப் பெட்டியத் திறந்து பாத்தன். ஸ்பொஞ் கறுத்து, வழுவழு எண்டு, சீ, சொல்ல வாயில்ல. நாலு சனம் வாற வீடு. சவர்க்காரம் போட்டுக் கசக்கி, கொதிதண்ணியில அவிச்சு, கொடியில வெயிலுக்குக் காயப் போட்டு எடுத்தன். இப்ப புதுசு மாதிரி இரிக்கு.”

“அடியில கிடந்த கல்லு?”

“அதையும் அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சுக் களைஞ்சு போட்டிரிக்கன். ஏழு தண்ணி.”

சிவதர்ஷன் கண்ணை மூடிக்கொண்டான். சித்தப்பா அந்த இடைவெளியில் தன் பங்கு அறுகைத் தலையில் வைத்துவிட்டார்.

கண்ணகையைக் குற்றம் சொல்ல முடியாது. கடல் வந்த அடுத்த மாதத்திலிருந்து அவர் அதே நிறுவனத்தின் சுகாதாரத் தொண்டர். மஞ்சள் ரீசேட் போட்டுக்கொண்டு, முகாம் முகாமாகப் போய், கொம்பும் பல்லும் வைத்து வரைந்த கிருமிப் படத்தைக் காட்டி, கழுவுங்கள், கழுவுங்கள், இன்னும் கழுவுங்கள் என்று சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் படத்தை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியவன் சிவதர்ஷன். படத்தின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கஜானியை அவன் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். கழுவுவதைப் பற்றிய பாடத்தில் தொடங்கிய காதல் கழுவுவதாலேயே கெடப் போகிறது.

“மாமி, கேளுங்க. மீன் கழிக்கிறது எல்லாம் தண்ணிக்குள்ள நஞ்சாகும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரித்தான் இரிக்கும். அந்த நஞ்சத் திண்டு தீர்க்கிறது அந்த ஸ்பொஞ்சுக்குள்ள, கல்லுக்குள்ள இரிந்த ஊத்தை. அதில நல்ல கிருமி இரிக்கு.”

“கிருமியில நல்லதும் இரிக்கா?” என்றார் கண்ணகை. “அஞ்சு வருசமா ஒருத்தரும் எனக்கிட்டச் சொல்லல்லயே!”

“நான் சொல்லாம விட்டது பிழைதான் மாமி. இப்ப பாதித் தண்ணிய இறைச்சுப் போட்டு, நல்ல தண்ணி ஊத்துங்க. கொஞ்சம் உயரத்தில இரிந்து ஊத்துங்க, காத்துப் பிடிக்கட்டும். கிணத்துத் தண்ணிதானே?”

“பயப்பிடாதீங்க. சமையலுக்கெண்டு மாமா நேத்தே குளோரின் போட்டுட்டார்.”

“ஐயோ! அதில ஒரு சொட்டும் ஊத்தாதீங்க! அது மிச்சமிரிக்கிற கிருமியையும் கொல்லும், மீனையும் கொல்லும். பக்கத்து வீட்டுக் கிணத்தில எடுங்க.”

“அதிலயும் மாமாதான் போட்டவர்.”

“அடுத்த வீடு?”

“அவங்களும் கேட்டவங்க. இவர் ஒண்டும் வஞ்சகமில்லாம எல்லாருக்கும் போட்டுக் குடுத்திரிக்கார்.”

மாமா சாமித்தம்பி அப்படிப்பட்ட மனிதர். கடல் வந்து போன பிறகு கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட வந்தவர்கள் அவர் கையில் ஒரு வாளித் தூளைக் கொடுத்து, கலக்கிற விதத்தையும் காட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த ஒழுங்கையில், எந்த வீட்டில் பூப்புனித நீராட்டு, அந்தியேட்டி, கலியாணம் எது நடந்தாலும் முதல் ஆளாக வாளியோடு வந்து நிற்பார். இது மகளின் கலியாணம். கை தாராளமாகத்தான் போட்டிருக்கும்.

“தூரத்துக் கிணறு எதெண்டாலும் பாத்து எடுங்க மாமி. தீனி ஒண்டும் போடாதீங்க. நான் ஊத்தை தேடிக்கொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு சிவதர்ஷன் தொலைபேசியை வைத்தான். சுற்றி நின்ற சொந்தம் முழுவதும் அவனைப் பார்த்தது.

“என்னத்தத் தேடிப் போற?” என்றாள் அக்கா.

“ஊத்தை,” என்றான் அவன். “ஜெராட், மோட்டார் சைக்கிள எடு!”

கலியாண மாப்பிள்ளை, தலையில் புல்லோடு, அதற்கு மேல் தலைக்கவசத்தை அமுக்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி பின் இருக்கையில் ஏறிப் பறந்ததை திராய்மடு முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. பெண் பிடிக்காமல் ஓடுகிறான் என்று சிலர் சொன்னார்கள். பெண்ணைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறான் என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் அக்கா மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதைவிடக் கேவலம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தொட்டியில் நல்ல கிருமி புதிதாக ஊறி வளர ஒரு மாதம் ஆகும். டிரெக்டருக்கு அவ்வளவு தவணை இல்லை. வேறொரு பழைய தொட்டியின் ஊத்தைப் பஞ்சை அப்படியே எடுத்துப் போட்டால்தான் பிழைக்கும். அதற்கு ஒரே இடம் காத்தான்குடியில் மஜீட் காக்காவின் வளர்ப்பு மீன் கடை.

கல்லடிப் பாலத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். பழைய இரும்புப் பாலம் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனத்துக்குத்தான் இடம் விடும். எதிர்ப்பக்கமிருந்து ஒரு பஸ், ஒரு லொறி, ஒரு உழவு இயந்திரம், அதற்குப் பின்னால் அவசரமே இல்லாத ஒரு மாட்டுக் கூட்டம் எல்லாம் வந்து முடிய வேண்டியிருந்தது. பாலின் வாசத்துக்கு ஈக்கள் வந்து தலைக்கவசத்தைச் சுற்றின. கீழே வாவி வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு தொட்டிக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் போயிற்றே என்று சிவதர்ஷனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“மச்சான், இண்டைக்கு வெள்ளிக்கிழம,” என்றான் ஜெராட் திடீரென்று. “காத்தான்குடியில கடையெல்லாம் பூட்டு.”

“வீட்ட தட்டுவம்.”

நாவற்குடாவில் பெண் வீட்டு ஒழுங்கை முகப்பைத் தாண்டும்போது ஜெராட்டின் முதுகுக்குப் பின்னால் சிவதர்ஷன் குனிந்து ஒளிந்தான். வாழைமரம் கட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போனது. ஓரக்கண்ணால் பார்த்ததில், பட்டுச் சேலை உடுத்த பெண்கள் சிலர் வாளிகளோடு வீதியைக் குறுக்கறுத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏனென்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

மஜீட் காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போக வெளிக்கிட்டு, வெள்ளை உடுத்து, அத்தர் பூசிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து புல் எட்டிப் பார்க்கிற ஒருவனைக் கண்டு ஒரு அடி பின்னால் போனார்.

“காக்கா, ஊத்தை வேணும்,” என்றான் சிவதர்ஷன் மூச்சு வாங்க.

“என்ன வாப்பா?”

“பெரிய தொட்டியில ஊறின ஸ்பொஞ். கழுவாதது. இண்டைக்கு எனக்குக் கலியாணம்.”

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். மஜீட் காக்கா மீன்காரர். “கழுவிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். சாவு வீட்டில் கேட்கிற குரலில் கேட்டார்.

“சவர்க்காரம் போட்டு. அவிச்சு.”

“அல்லாஹ்!” என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்ன மீன்?”

“ஒஸ்கார். அஞ்சு வருசம்.”

அவர் உடனே வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கடையின் பின் கதவைத் திறந்து, ஆளுயரத் தொட்டியொன்றின் பெட்டிக்குள் கையை விட்டார். வெளியே வந்த பஞ்சைப் பார்த்ததும் ஜெராட் மூக்கைப் பொத்தினான். கறுத்து, கொழகொழத்து, கபில நிறத் தண்ணீர் வடிந்தது. சிவதர்ஷனுக்கு அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

“ஊருச் சனம் வந்து ஊத்தையப் போக்குற எப்பிடி எண்டுதான் கேக்கும்,” என்றார் மஜீட் காக்கா, அதைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சொப்பிங் பைக்குள் இறக்கிக்கொண்டு. “ஊத்தை கேட்டு வந்த மொதல் மாப்புள நீங்கதான் தம்பி. காய உட்ராதீங்க. கிருமி செத்துரும். மறுகா முக்கியமான ஒண்டு. இதயும் ஆரும் கழுவிரப் போறாங்க.”

அந்தக் கடைசிச் சொல் சிவதர்ஷனின் நெஞ்சில் ஆணி அடித்துவிட்டது. பையை ஜெராட்டிடம் கொடுத்து பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் வேறு வழியாகத் திராய்மடுவுக்குத் திரும்புவதுதான் அவன் போட்டிருந்த திட்டம். ஆனால் ஜெராட் கொடுப்பான், மாமி வாங்குவார், வாங்கிய கை கிணற்றடிக்குத்தான் போகும். ஐந்து வருடப் பழக்கம் அது, ஒரு தொலைபேசிப் பேச்சில் போகாது.

“நானே கொண்டு போறன்,” என்றான்.

“கலியாணத்துக்கு முதல் படி மிதிக்கக் கூடாதுடா.”

“படி மிதிக்கல்ல. பின் வேலி பாயிறன்.”

வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கை காட்டினான். அதே சாவடியில் முன்பெல்லாம் அரை நாள் நின்றிருக்கிறார்கள், இப்போது அவனுக்கே பொழுது போகவில்லை. பையைத் திறக்கச் சொல்லி, ஆர்வமாகக் குனிந்து, மூக்கை உள்ளே விட்டான். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். “ஐயோ, போங்க, போங்க!” என்று இரண்டு கையாலும் வழி விட்டான்.

பின் வேலியில் சாரம் கிழிந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிவதர்ஷன் வளவுக்குள் குதித்தான். குதித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒழுங்கை முனையிலிருந்து வீட்டு மண்டபம் வரைக்கும் ஒரு வரிசை. பட்டுச் சேலை, நகை, தலை நிறையப் பூ, கையில் வாளி. நீலம், சிவப்பு, வெள்ளை, எல்லா நிறத்து வாளியிலும் எல்லா நாட்டு நிறுவனங்களின் முத்திரையும் இருந்தது. மாமா குளோரின் போடாத கிணறு ஒன்றைக் கடைசியில் ஒழுங்கைக்கு அப்பால், வீதிக்கு அந்தப் பக்கம் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கிருந்து கை மாறிக் கை மாறித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாசலில் சாமித்தம்பி மாமா பட்டு வேட்டியோடு நின்று, வருகிற ஒவ்வொரு வாளிக்குள்ளும் மூக்கை விட்டு மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். செய்த பாவத்துக்கு அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட தண்டனை அது. மோந்து மோந்து மூக்கு நுனி நனைந்திருந்தது.

பின் கதவுக்கூடாக மண்டபம் தெரிந்தது. ஒரு காதில் தோடு, மறு காதில் ஒன்றுமில்லை, மஞ்சள் பூசிக் குளித்த ஈரத் தலையோடு கஜானி ஒரு கதிரையில் ஏறி நின்று, செம்பால் உயரத்திலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றும்போது, “கொஞ்சம் பொறுங்க டிரெக்டர், இந்தா வாறார், இந்தா வாறார்,” என்று மீனோடு பேசிக்கொண்டிருந்தாள். உலகத்தில் இவ்வளவு அழகான ஒன்றை அவன் பார்த்ததில்லை. இவளைக் கட்டத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று ஒரு கணம் பயந்தே போனான்.

அவள் நிமிர்ந்தாள். “இப்ப வரக் கூடாதெண்டு தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினாள். கத்திய வாயாலேயே சிரித்தாள்.

சமையலுக்கு வந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். கிழிந்த சாரமோ, தலையில் காய்ந்த பாலோ அவள் கண்ணில் படவில்லை. மாப்பிள்ளை வந்தால் குரவை போட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நாக்கைச் சுழற்றிப் போட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் வாளியைக் கீழே வைக்காமலே சேர்ந்துகொண்டார்கள். குரவைச் சத்தம் முன் பந்தலுக்குக் கேட்டதும், மாப்பிள்ளை இறங்கிவிட்டார் என்று மேளகாரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அடிக்கத் தொடங்கினார்கள். ஐயர் பதறிப்போய் நேரத்தைப் பார்த்தார். யாரோ வெடிக்கட்டையும் கொளுத்திவிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் கண்ணகை மாமி வந்தார். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“தாங்க மருமகன்.”

“மாமி, நானே வெக்கிறன்…”

“நான் கழுவினது. நான்தான் வெக்கணும்.”

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மாமி பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். பொன்னான பட்டுச் சேலையில் கபிலத் தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் போகிற வழியில்தான் கிணற்றடி. கிணற்றுக் கட்டில் சவர்க்காரம். அங்கே வந்ததும் மாமியின் கால் தானாக நின்றது. கை தானாகச் சவர்க்காரத்தின் பக்கம் நீண்டது. வரிசை மூச்சு விடவில்லை.

மாமி நீண்ட கையை மற்றக் கையால் பிடித்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, “வழி விடுங்க எல்லாரும்! ஊத்தை வருது!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். பஞ்சைப் பெட்டிக்குள் வைத்த சத்தத்தோடு சட்டமும் வந்தது. “இனி இதில ஆரெண்டாலும் கை வெச்சா முறிச்சுப் போடுவன்!”

டிரெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் வேகமாக அடித்தது. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று சிவதர்ஷன் ஒரு காலை எடுத்து வைத்தான், சாமித்தம்பி மாமா நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். “போங்க மருமகன், போய் மாப்பிள்ளையா வாங்க. நேரம் போகுது.” கண்ணாடிக்கு முன்னால் பெண்கள் கூடி அடைத்துக்கொண்டார்கள். வேலிக்கு மேலால் அவனை ஏற்றிவிட நாலு பேர் வந்தார்கள்.

திரும்புகிற வழி முழுவதும், குளித்தபோதும், வேட்டி உடுத்தபோதும், தலைப்பாகை வைத்தபோதும் அவன் கண்ணில் அந்தச் சாய்ந்த உடம்புதான் நின்றது. கஜானிக்கு எடுத்தான். அவளை அலங்கரிக்க உட்கார்த்திவிட்டார்கள், தொலைபேசி யாரிடம் இருக்கிறதோ, அடித்து அடித்து ஓய்ந்தது. ஒஸ்கார் கோபம் வந்தாலும் சாய்ந்து படுக்கும், சாகப் போனாலும் சாய்ந்துதான் படுக்கும். இது எது என்று கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது. ஊர்வல வான் வண்டிக்குள் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். அவன் மட்டும் கடவுளோடு பேரம் பேசிக்கொண்டு வந்தான்.

பெண் வீட்டு வாசலில் இறங்கினான். குரவை, மேளம், வெடி எல்லாம் இரண்டாம் தடவையாக, முதல் தடவையை விட ஒழுங்காக நடந்தன. ஆலாத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் முன்னால் வந்தார்கள். கஜானியின் தம்பி வினோஜன் குனிந்து, செம்புத் தண்ணீரால் மாப்பிள்ளையின் வலது காலைக் கழுவினான்.

“எப்பிடி இரிக்கான்?” என்று சிவதர்ஷன் உதடு அசையாமல் கேட்டான்.

வினோஜன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

அந்த நேரம் உள்ளே ஒரு அலறல். “கடிச்சிட்டான்! தோரணத்தக் கடிச்சிட்டான்!”

காற்றுப் பிடிக்கட்டும் என்று தொட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே மாவிலைத் தோரணம் தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த டிரெக்டர் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, துள்ளி, ஒரு மாவிலையைப் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மண்டபம் முழுவதும் தண்ணீர். ஐயரின் பஞ்சாங்கம் நனைந்துவிட்டது.

“எழும்பிட்டான்! எங்கட டிரெக்டர் எழும்பிட்டான்! ஓடி வாங்க எல்லாரும்!” கண்ணகை மாமியின் குரல் ஒலிபெருக்கியை அமுக்கிக்கொண்டு வந்தது.

ஆலாத்திப் பெண்கள் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடினார்கள். சாமித்தம்பி மாமா மாலையோடு ஓடினார். மேளம் நின்றது, மேளகாரரும் ஓடினார்கள். மாப்பிள்ளைப் பக்கத்து ஆட்கள், அக்கா, ஜெராட், எல்லோரும் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வினோஜன் செம்பைச் சிவதர்ஷனின் கையிலேயே கொடுத்துவிட்டுப் பாய்ந்தான். அலங்காரம் பண்ணி அறைக்குள் வைத்திருந்த கஜானியின் கொலுசுச் சத்தமும் அந்தப் பக்கமாகவே ஓடிப்போனது.

பந்தலில் அவன் மட்டும் நின்றான். தலைப்பாகை, பட்டு வேட்டி, கையில் செம்பு, ஒரு கால் ஈரம், ஒரு கால் புழுதி. உள்ளே ஒரு வீடே அவனுடைய மீனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. என்ட, என்ட என்று கட்டிக்கொண்டு வந்த ஒன்று கையை விட்டுப் போய்விட்டது என்று அவனுக்குப் புரிந்தது. இனி அதைத் தனியே வைத்துக்கொள்ள இவர்கள் விடப் போவதில்லை. கடல் வந்த நாளிலிருந்து எதை எதையோ இழந்தவன், இதையும் இழந்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தான். கண்ணீர் வழிய வழியச் சிரித்தான்.

பிறகு மற்றக் காலைக் கழுவாமலே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இடம் விடுங்க! எனக்கும் காட்டுங்க!” என்று கத்தியபடி உள்ளே ஓடினான்.